டிராக்டர் வாங்குவோர் அதன் உறுப்புகளையும் அறிதல் வேண்டும்

காளை வாங்கச் சந்தைக்குச் செல்லும் குடியானவர் எவரும் அதன் பல்லைப் பாராமலும், சுழியைப் பாராமலும், நாற்பது அடி நடத்திப் பாராமலும் முன்பணம் கொடுப்பதில்லை. வாங்கிய பிறகும் அது ஒரு வேளை தீவனம் எடுக்கவில்லையெனில் அன்றே கண்டுகொள்வார். மூக்கு உலர்ந்திருக்கிறதா, அசை போடுகிறதா, சாணம் எவ்விதம் விழுகிறது என்று பார்த்து, கோளாறு இன்னதென ஒருவாறு நிச்சயித்துக்கொண்ட பின்னரே வைத்தியரை அழைப்பார். இவ்வறிவை அவர் எந்தப் பள்ளியிலும் கற்றாரில்லை. தந்தையுடன் தொழுவத்தில் நின்று கற்றார். ஆனால் அதே குடியானவர் பல ஜோடிக் காளைகளின் விலையைக் கொடுத்து ஒரு டிராக்டர் வாங்கும்போது, அதன் வர்ணத்தையும் குதிரைத் திறனையும் மாதத் தவணையையும் விசாரிக்கிறாரேயன்றி, அது எதனால் ஓடுகிறது, எதனால் நின்றுபோகும் என்பதை விசாரிப்பதில்லை. வீட்டிற்கு வந்த யந்திரம் நின்றுவிட்டால், பூட்டிய பெட்டியின் முன் சாவியின்றி நிற்பவரைப் போல நின்றுவிடுகிறார்.

இந்நிலை மாறவேண்டும் என்பதே இங்கு வற்புறுத்தப்படும் கருத்து. டிராக்டர், பவர் டில்லர், டீசல் பம்பு ஆகியவற்றுள் ஒன்றையேனும் வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்திலும், அதன் உறுப்புகளின் தொழிலையும் அன்றாடப் பராமரிப்பையும் சிறு பழுதுகளை நீக்கும் முறையையும் அறிந்தவர் ஒருவரேனும் இருத்தல் அவசியம். இது பொழுதுபோக்கிற்கான கல்வியன்று. பயிரும் கடனும் சில வேளைகளில் உயிருமே இதைப் பொறுத்து நிற்கின்றன.

பழைய வழக்கமும் இன்றைய நிலையும்

ஏரும் கமலையும் இருந்த காலத்தில் கிராமத் தச்சரும் கொல்லரும் அவற்றைச் செப்பனிட்டு, அறுவடைக் களத்தில் தமக்குரிய படியைப் பெற்றனர். எனினும் கொழு தேய்ந்ததையும், நுகத்தடி விரிந்ததையும், சாலில் நீர் ஒழுகுவதையும் முதலில் கண்டவர் குடியானவரே. பழுதைக் கண்டுணர்தல் உடையவர் கடமை; அதைத் தீர்த்தல் தொழிலாளியின் கடமை. இவ்விரண்டும் வெவ்வேறு என்பதை அக்காலத்தார் நன்கு அறிந்திருந்தனர்.

யந்திரமும் இந்நாட்டிற்கு நேற்று வந்ததன்று. ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியர் தம் பெயரால் வழங்கும் இஞ்சினை 1897-ல் செவ்வனே ஓட்டிக் காட்டினார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பார் எண்ணெய் இஞ்சினையும் பம்பையும் கொண்டு கிணற்று நீர் இறைக்கும் முறையைப் பரப்ப முயன்றார். 1959-ல் ஃபரீதாபாத்தில் ஐஷர் தொழிற்சாலையிலிருந்து இந்தியாவில் செய்யப்பட்ட முதல் டிராக்டர் வெளிவந்தது; 1960-ல் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கப்பெற்றது. நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழக்கம் இருந்தும், யந்திரத்தைப் பற்றிய அறிவு பட்டறையின் வாயிலோடு நின்றுவிட்டதேயன்றி, வீட்டுத் திண்ணைக்கு வந்து சேரவில்லை.

இதனால் விளையும் நஷ்டம் ரிப்பேர்ச் செலவு மட்டுமன்று. நெற்பயிர் கதிர் வெளிவந்து பூக்கும் தறுவாயில் நீரின்றிக் காய்ந்தால் மணி பிடிக்காமல் பதராகும் என்பது யாவரும் அறிந்ததே. அப்போது பம்பு இஞ்சின் நின்று, மெக்கானிக் வர நான்கு நாள் ஆனால், அந்நான்கு நாளை எந்த உரமும் திருப்பித் தராது. சேற்றுழவின்போது ஊரிலுள்ள எல்லா டிராக்டர்களும் ஒருங்கே ஓடுகின்றன. ஒருங்கே பழுதும் ஆகின்றன. மெக்கானிக்கோ ஒருவர்தாம். மேலும் பெரும்பாலான டிராக்டர்கள் கடனில் வாங்கப்பட்டவை. யந்திரம் நின்றாலும் தவணை நிற்பதில்லை.

அறிய வேண்டிய நான்கு காரியங்கள்

டீசல் இஞ்சின் பார்ப்பதற்குச் சிக்கலாகத் தோன்றினும், அதன் தத்துவம் எளிது. பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்று உள்ளே வருகிறது. மேலே ஏறும்போது அக்காற்று முன்னிருந்த இடத்தில் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்கிற்கும் குறைவாக நெருக்கப்பட்டு, 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறுகிறது. அச்சமயம் நாசில் வழியாக டீசல் தூவப்பட, அது தானே பற்றி எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. மறுமுறை மேலே ஏறுகையில் புகை வெளியேறுகிறது. இழுத்தல், நெருக்கல், எரித்தல், வெளியேற்றல் என்னும் இந்நான்கு அடிகளே திரும்பத் திரும்ப நிகழ்கின்றன. இவை ஒழுங்காக நடைபெறச் சுத்தமான காற்று, சுத்தமான டீசல், வழவழப்புக்கு ஆயில், சூட்டைத் தணிக்க நீர் ஆகிய நான்கும் வேண்டும். குடியானவர் இந்நான்கையும் காத்தால், இஞ்சின் தன்னைத் தானே காத்துக்கொள்ளும்.

முதலாவது காற்று. இரண்டரை லிட்டர் கொள்ளளவுள்ள இஞ்சின் நிமிஷத்திற்கு 2,000 சுற்றுச் சுற்றினால், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை காற்றை இழுப்பதால், நிமிஷத்திற்கு ஏறத்தாழ 2,500 லிட்டர் காற்றை உட்கொள்ளும். கதிரடிக்கும் களத்திலும் புழுதி உழவிலும் அவ்வளவு காற்றோடு எவ்வளவு தூசி செல்லும் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். அத்தூசி சிலிண்டருக்குள் புகுந்தால் உப்புக் காகிதம் கொண்டு தேய்ப்பது போலச் சுவரைத் தேய்த்துவிடும். ஆகையால் ஏர் ஃபில்டரைப் புழுதிக் காலத்தில் தினந்தோறும் பார்க்கவேண்டும். ஆயில் கிண்ணமுள்ள வகையாயின் அடியில் சேறு தங்கியவுடன் கழுவிப் புதிய ஆயிலைக் குறியீடு வரை ஊற்றவேண்டும். காகித வகையாயின் கையேட்டில் கூறியபடி மெல்லத் தட்டித் தூசி நீக்கி, கிழிந்திருந்தால் உடனே மாற்றவேண்டும். இந்தச் சிறு செலவுக்குத் தயங்கியவர் பின்னர் முழு இஞ்சினையும் பிரித்துக் கட்டும் செலவை ஏற்க நேரிடும்.

இரண்டாவது டீசல். பாதி காலியான டேங்கில் இரவுக் குளிரால் ஈரம் படிந்து நீராகி அடியில் தங்கும். வேலை முடிந்த மாலையிலேயே டேங்கை நிரப்பி வைப்பது இதற்குப் பரிகாரம். ஃபில்டரின் அடியிலுள்ள திருகை அவ்வப்போது தளர்த்தித் தேங்கிய நீரை வடித்துவிடவேண்டும். டீசல் முற்றும் தீர்ந்து நின்ற இஞ்சின், மறுபடி டீசல் ஊற்றியும் கிளம்பாமலிருப்பதைப் பலர் கண்டிருப்பர். குழாயில் காற்றுப் பிடித்துக்கொண்டதே அதற்குக் காரணம். இதை நீக்குவதைப் பட்டறையில் ‘ஏர் எடுத்தல்’ என்பர். சாதாரண இஞ்சின்களில் ஃபில்டரின் மேலுள்ள திருகைச் சற்றுத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்திக்கொண்டே இருந்தால், நுரையோடு வரும் டீசல் சிறிது நேரத்தில் நுரையின்றித் தெளிவாக வரும். அப்போது திருகை இறுக்கிவிடவேண்டும். கால் மணி நேர வேலை இது. இதை அறியாமையால் ஒரு நாள் உழவை இழந்து, வருபவருக்குக் கூலியும் கொடுப்போர் எண்ணற்றோர்.

மூன்றாவது ஆயில். தினந்தோறும் காலையில், வண்டி சமதரையில் நிற்க, இஞ்சினை ஓட்டுவதற்கு முன் அளவுக்கம்பியை உருவித் துடைத்து, மீண்டும் விட்டு எடுத்துப் பார்க்கவேண்டும். டீசல் இஞ்சினில் ஆயில் கறுத்திருப்பது மட்டும் குற்றமன்று. கரியைத் தன்னிடம் ஏற்றுக்கொள்வது ஆயிலின் தொழில்களில் ஒன்று. ஆனால் பால் கலந்த காப்பி போல வெளிறியிருந்தால் நீர் கலந்துவிட்டதென அறியலாம். அத்துடன் இஞ்சினை ஓட்டலாகாது. ஓடும்போது ஆயில் அழுத்தம் குறைந்ததைக் காட்டும் விளக்கு எரிந்தால் ‘இந்தச் சாலை முடியட்டும்’ என்று ஓட்டாமல் அவ்விடத்திலேயே நிறுத்துதல் வேண்டும்.

நான்காவது நீர். வைக்கோல் துகளும் பதரும் ரேடியேட்டரின் முன்வலையை அடைத்துக்கொண்டால் காற்றுப் புகாது; இஞ்சின் சூடேறும். களத்து வேலையின்போது நாளுக்கு இருமுறையேனும் வலையைத் துடைக்கவேண்டும். பேன் பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால், பெரும்பாலான யந்திரங்களில் ஏறத்தாழ அரை அங்குலம் தாழும். அதிகம் தாழ்ந்தால் தளர்ந்துவிட்டதென்று பொருள். சூடேறிய இஞ்சினின் ரேடியேட்டர் மூடியைத் திறப்பது பேராபத்து. கொதிநீர் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். சூடான இஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் இரும்பு வெடித்துவிடவும் கூடும். நிறுத்தி ஆறவிடுதலே முறை.

புகையும் பேட்டரியும்

வைத்தியர் நாடி பார்ப்பது போல, இஞ்சினுக்குப் புகையே நாடி. கரும்புகை தொடர்ந்து வந்தால் டீசலுக்கு ஏற்ற காற்றுக் கிட்டவில்லை, அல்லது சுமை மிகுதி, அல்லது நாசில் சரியாகத் தூவவில்லை என்று பொருள். முதலில் ஏர் ஃபில்டரைப் பார்க்கவேண்டும். நீலம் கலந்த புகை, ஆயில் எரிவதைக் காட்டும்; பிஸ்டன் வளையங்களோ வால்வுப் பகுதியோ தேய்ந்திருக்கலாம். இஞ்சின் சூடேறிய பின்னும் வெண்புகை நீங்காவிடில் டீசல் எரியாமல் வெளியேறுகிறது, அல்லது நீர் உள்ளே கசிகிறது என்று கொள்ளலாம். இவ்வளவு அறிந்தவர் மெக்கானிக்கிடம் ‘வண்டி ஓடவில்லை’ என்று மட்டும் சொல்லாமல், ‘இரண்டு நாளாக நீலப்புகை வருகிறது, ஆயில் குறைகிறது’ என்று சொல்வார். வேண்டிய உதிரிப் பாகத்தோடு அவர் வந்து சேர இதுவே போதும்.

செல்ஃப் எடுக்கவில்லையென்றால் பலர் உடனே பேட்டரி கெட்டதென்று புதியதை வாங்குகின்றனர். அநேக சமயங்களில் முனைகளில் வெண்மையாகப் பூத்த களிம்பே காரணமாகும். களிம்பை வெந்நீரால் கழுவித் துடைத்து, முனையை இறுக்கினால் வேலை செய்யும். இவ்வேலையில் வண்டியின் இரும்பு உடலோடு சேர்ந்த கம்பியை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டவேண்டும். தண்ணீர் குறைந்தால் வடிநீர் மட்டுமே ஊற்றவேண்டும். கிணற்று நீர் ஆகாது. பேட்டரியிலிருந்து எளிதில் தீப்பற்றும் வாயு வெளிவருவதால், அருகில் பீடியோ தீக்குச்சியோ பற்றவைத்தல் கூடாது.

இஞ்சினுக்குப் பின் கிளட்ச், கியர்ப்பெட்டி, டிஃபரென்ஷியல் ஆகியவை சக்கரத்திற்குச் சக்தியைக் கொண்டு செல்கின்றன. கிளட்சின்மீது காலை ஊன்றியபடியே ஓட்டும் பழக்கம் தட்டை விரைவில் தேய்க்கும். வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரமும் உட்சக்கரம் குறைந்த தூரமும் ஓடவேண்டியிருப்பதால், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல டிஃபரென்ஷியல் வகை செய்கிறது. ஒரு சக்கரம் சேற்றில் வீணே சுழன்றால் அதன் பூட்டைப் போட்டு நேராக வெளியேறலாம். பூட்டைப் போட்டபடி திரும்பினால் பல்சக்கரம் முறியும். சேற்றுழவு முடிந்த அன்றே கேஜ் வீலைக் கழற்றி, சேற்றைக் கழுவி, நிப்பிள்களில் பழைய கிரீஸ் வெளிவரும் வரை புதிய கிரீஸ் ஏற்றவேண்டும்.

உயிரைக் காக்கும் அறிவு

மேற்கூறியவை பொருளைக் காப்பன. இனிக் கூறப்படுவன உயிரைக் காப்பன. டிராக்டரின் பின்புறத்திலுள்ள பி.டி.ஓ. தண்டு வழக்கமாக நிமிஷத்திற்கு 540 சுற்று, அதாவது விநாடிக்கு 9 சுற்றுச் சுற்றுகிறது. இரண்டரை அங்குலக் கனமுள்ள தண்டின் சுற்றளவு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். ஆகவே அது ஒரு விநாடியில் ஏறத்தாழ 180 சென்டிமீட்டர் துணியைச் சுருட்டிக்கொள்ளும்; ஒரு நான்கு முழ வேட்டி முழுவதும் ஒரு விநாடியில் போய்விடும். அவ்விநாடியில் மனிதர் விலகுவதற்கு அவகாசமே இல்லை. தண்டின்மேல் உறை இன்றி ஓட்டுவதும், ஓடும்போதே ரோட்டவேட்டரில் சிக்கிய புல்லைக் கையால் எடுப்பதும், துண்டையும் சேலைத் தலைப்பையும் தொங்கவிட்டு அருகில் நிற்பதும் அறவே விலக்கத்தக்கவை.

கருவியைத் தூக்கி நிறுத்தியபடி அதன் கீழ்ப் புகுந்து வேலை செய்யலாகாது. தரையில் இறக்கிய பின்னரே தொடவேண்டும். பாரத்தைக் கீழுள்ள இழுவைக் கம்பியில் அன்றி உயரத்தில் கட்டி இழுத்தால், முன்சக்கரம் எழும்பி வண்டி பின்புறம் கவிழும். வயலில் தனித்தனியே மிதிக்கும் இரண்டு பிரேக்குகளையும் சாலைக்கு வருமுன் ஒன்றாகப் பூட்டவேண்டும். இல்லையேல் வேகத்தில் ஒன்றை மட்டும் மிதிக்க, வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கவிழும். கதவடைத்த கொட்டகையில் இஞ்சினை ஓட்டினால் நிறமும் மணமும் அற்ற நச்சுவாயு நிறைந்து உயிரைப் போக்கும். இவற்றுள் ஒன்றைக் கற்பதற்கும் ஒரு நாழிகைகூட வேண்டாம். கல்லாமையின் விலையோ ஒரு குடும்பத்தின் வாழ்வு.

தொடத்தகாதவையும் உண்டு

அறிவு வேண்டுமென்பதால் எல்லாவற்றையும் பிரித்துப் போடவேண்டும் என்பதில்லை. அரைகுறை அறிவால் கெட்ட யந்திரங்களும் உண்டு. டீசல் பம்பின் முத்திரையிட்ட திருகுகளையும், நாசிலையும், கியர்ப்பெட்டியின் உட்புறத்தையும் பயிற்சியும் கருவியும் உடையவரே திறக்கவேண்டும். நாசில் குழாயில் கசிவு உண்டா என்று கையை வைத்துப் பார்ப்பது மிகவும் அபாயம். அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உட்புகும். 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் கடுமையான புகைக் கட்டுப்பாட்டு விதி அமலுக்கு வந்துள்ளது. மின்னணுக் கட்டுப்பாட்டோடு வரும் அத்தகைய இஞ்சின்களில் டீசல் அழுத்தம் பன்மடங்கு அதிகம். அவற்றிலும் காற்று, ஆயில், நீர், கிரீஸ் ஆகியவற்றைப் பார்ப்பது உடையவர் கடமையே. மற்றவற்றைக் கம்பெனிப் பட்டறைக்கு விட்டுவிடுதல் நலம். எதுவரை தன் கை செல்லலாம், எங்கு நிற்கவேண்டும் என்று அறிவதும் இக்கல்வியின் ஒரு பகுதியாகும்.

ஆட்சேபங்கள்

‘டிரைவர் இருக்கிறார், மெக்கானிக் இருக்கிறார், நிலம் உடையவர் கையில் ஏன் கரி படவேண்டும்?’ என்று சிலர் கேட்பர். தன் நிலத்தின் வரப்பைத் தானே சென்று பாராதவரின் நிலம் எந்நிலை அடையும் என்பதே இதற்கு விடை. மேலும், தான் அறியாத காரியத்தில் பிறரைக் கண்காணிக்க இயலாது. ஆயில் மாற்றியதாகச் சொல்லப்பட்டால் நம்பவேண்டியதுதான். பழைய பாகத்தைத் துடைத்து மாட்டினாலும் பணம் கொடுக்கவேண்டியதுதான். அறியாதவர் தம் டிரைவரை ஒன்று முற்றும் நம்புவார், அல்லது எக்காரணமுமின்றிச் சந்தேகிப்பார், இரண்டும் கெடுதலே. நல்ல டிரைவருக்கும் இது அநியாயம். அவர் ‘ஃபில்டர் மாற்றவேண்டும்’ என்று சொன்னதைக் கேளாமல் ஓட்டச் செய்து, இஞ்சின் கெட்ட பின் அவர்மேலேயே பழி சுமத்துவது பல பண்ணைகளில் நடக்கும் காரியம்.

‘வீட்டில் ஒருவர் கற்றால் மெக்கானிக்கின் பிழைப்புப் போகாதா?’ என்பது மற்றொரு கேள்வி. போகாது. ஊரில் யந்திரங்கள் பெருகிக்கொண்டே செல்கின்றன. ஏர் எடுப்பதற்காகப் பத்து மைல் அலைவதை விட, நாசிலும் கியரும் பார்க்கும் உயர்ந்த வேலைக்குத் தம் நேரத்தைச் செலவிடுவதையே கைதேர்ந்த மெக்கானிக் விரும்புவார்.

‘படிப்பில்லாதவரால் இயலுமா?’ என்பதும் பொருந்தாது. காளையின் நோயை முகத்தில் கண்டவருக்கு இஞ்சினின் நோயைப் புகையில் காண்பது அரிதன்று. கற்பவர் ஆணாகவே இருக்கவேண்டும் என்பதுமில்லை. ஆண்கள் வெளியூர் வேலைக்குச் செல்லும் குடும்பங்களில் பம்பை ஓட்டுபவர் பெண்களே. அவர்களுக்கு முதலில் கற்பித்தல் முறையாகும்.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்கது

இக்காரியத்தைத் தனி மனிதர் முயற்சிக்கு மட்டும் விட்டுவிடலாகாது. கிராம நிர்வாக அலுவலரும், ஊராட்சித் தலைவரும், கூட்டுறவுச் சங்கத்தாரும் சிறிது சிரத்தை கொண்டால் பெரும் செலவின்றிப் பல நன்மைகள் விளையும்.

விதைப்புக்கு முந்திய ஓய்வுக் காலத்தில், ஆண்டிற்கு ஒருமுறை, ஊர்ப் பொதுவிடத்தில் எல்லா யந்திரங்களையும் கொண்டுவரச் செய்து, அவ்வூர் மெக்கானிக்கையே ஆசிரியராக அமர்த்தி, அவருக்குத் தக்க ஊதியமும் அளித்து, ஒரு நாள் வகுப்பு நடத்தலாம். கிரீஸ் கன், நல்ல ஸ்பானர் தொகுதி, பேட்டரித் திராவகத்தை அளக்கும் கருவி ஆகியவற்றைச் சங்கத்தில் பொதுவாக வைத்திருக்கலாம். தமிழில் அச்சிட்ட கையேடு இல்லாமல் யந்திரத்தைப் பெற்றுக்கொள்வதில்லை என்று குடியானவர்கள் விற்பனையாளரிடம் ஒருமுகமாகச் சொல்லலாம். ஆந்திர மாநிலத்தில் அனந்தபூர் மாவட்டம் கார்லதின்னேயில் மத்திய அரசாங்கத்தின் தென்பிராந்தியப் பண்ணை யந்திரப் பயிற்சி நிலையம் உள்ளது. ஊருக்கு ஓர் இளைஞரையேனும் அத்தகைய இடத்திற்கு அனுப்பலாம். தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறையின் அலுவலகங்களை அணுகினால் வேண்டிய யோசனை கிடைக்கும்.

இறுதியாக ஒரு சிறு வழக்கம். கிராமத்தில் பயிர்க் கணக்கு அடங்கலில் எழுதப்படுகிறது. அதுபோல ஒவ்வொரு யந்திரத்திற்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, மணிக்காட்டியில் கண்ட மணி, ஊற்றிய டீசல், ஆயில் மாற்றிய தேதி, செய்த ரிப்பேர், கொடுத்த பணம் ஆகியவற்றை எழுதிவர வேண்டும். ஓராண்டு எழுதியவர், தம் யந்திரம் ஒரு மணிக்கு எவ்வளவு குடிக்கிறது, ஒரு ஏக்கருக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது, வாடகைக்கு விட்டால் லாபமா நஷ்டமா என்பவற்றை அறிவார். எழுதாதவர் தவணை கட்ட இயலாத நாளில்தான் அறிவார்.

யந்திரம் தானாகப் பேசுவதில்லை, பசியென்று கத்துவதுமில்லை. ஆனால் புகையாலும், சத்தத்தாலும், சூட்டாலும், கசிவாலும் தன் குறையைப் பல நாள் முன்னதாகவே தெரிவிக்கிறது. அதைக் கேட்கத் தெரிந்த காதும் காணத் தெரிந்த கண்ணும் வீட்டிற்கு ஒன்றேனும் இருந்தால், பயிர் காயும் வேளையில் மெக்கானிக்கின் வருகைக்காக வழி பார்த்து நிற்கும் நிலை பெரிதும் குறையும். வரும் உழவுக்கு முன்னரேனும், ஒரு நாள் காலையில் கால் மணி நேரம் ஒதுக்கி, கையேட்டைக் கையில் கொண்டு, தம் யந்திரத்தின் மூடியைத் தாமே திறந்து பார்க்கக் குடியானவர்கள் தொடங்குவார்களாக.